ஸ்டாப்பர் நிக்கிற எடம்

விசில் ஊதியாச்சு, ஸ்டேடியமே கப்சிப். ஒரு நிமிஷம் யாரும் வாயைத் திறக்கக் கூடாதாம், சுஜினுக்காக. நடு வட்டத்துல நாங்க பதினோரு பேரும் ஒருத்தன் தோள்ல ஒருத்தன் கை போட்டுத் தலையைக் குனிஞ்சிக்கினு நிக்கிறோம், எதிர்ல எர்ணாகுளத்துக்காரனுங்களும் அதே மாதிரி நிக்கிறானுங்க. அவனுங்களுக்கும் சுஜினை நல்லாத் தெரியும், கன்னியாகுமரி ஜில்லா கடலோரத்துக்காரன், கேரளா பார்டர், அவனுங்க பாஷைலயே அவனுங்களைத் திட்டுவான். கையில கறுப்புப் பட்டை கட்டி விட்டுருக்காங்க, எலாஸ்டிக் இறுக்கிப் புடிக்குது, அரிக்குது, சொறியலாம்னா கேமரா என் மூஞ்சிக்கு நேரா நிக்குது. செத்தவனுக்கு மரியாதை பண்ற நேரத்துல மெட்ராஸ் ஹார்பர் டீம் கோல்கீப்பர் அருமைநாதன் கையைச் சொறிஞ்சான்னு வீடியோ போட்டுருவானுங்க, வாணாம், அரிக்கட்டும். எங்க வியாசர்பாடில செத்தவனுக்கு எவன்யா வாயை மூடினான்? மேளம் வெக்கணும், பாட்டு வெக்கணும், தெருவே ஆடணும், சத்தமில்லாம தூக்கிக்கினு போனா அனாதைப் பொணமான்னு கேப்பாங்க. இங்க இன்னாடான்னா இத்தினி ஆயிரம் பேரு இருந்துக்கினு ஒரு இருமல் கூட இல்ல. பெரியமேட்டுப் பக்கம் ரயிலு கூவுது. கேலரில ஒரு கொழந்த தண்ணி வேணும்னு அழுவுது, அவங்கம்மா வாயைப் பொத்துறா போல, பாதியில அறுந்துடுச்சு. அழுவட்டுமே, பொத்தாதம்மா. சுஜின் இருந்திருந்தா இந்நேரம் என் காதாண்ட வந்து ஏதாவது சொல்லிச் சிரிக்க வச்சி மானத்தை வாங்கியிருப்பான். அவன் எப்பவும் என் இடது பக்கம் நிப்பான். இப்ப அங்க ஸுவாலா நிக்கிறான், மிசோரம்காரன், புதுசா வந்த ஸ்டாப்பர், கோலுக்கு முன்னாடி நின்னு தடுக்கறவன், அவன் கை என் தோள்மேல பட்டும் படாம இருக்கு.

நாலு சீசன் எனக்கு முன்னாடி நின்னவன் சுஜின். ஆறடிக்கு மேல ஆளு, நெஞ்சுல பந்து பட்டா செவுத்துல பட்ட மாதிரி திரும்பும், அவனை ஒரு கொசு கடிச்சிக் கொன்னுடுச்சு. லீவுக்கு ஊருக்குப் போனான், ஜுரம்னான், டெங்குன்னாங்க, ரத்தத்துல எதுவோ எறங்கிடுச்சுன்னாங்க, அவ்ளோதான், முடிஞ்சிது. எவ்ளோ பெரிய பெரிய ஃபார்வேர்டெல்லாம் இவனைத் தாண்ட முடியாம நொண்டிக்கினு போயிருக்கான், கொசுவாண்ட தோத்துட்டியேடா தடிமாடு. அந்தக் கோவம் எனக்கு இன்னும் ஆறல. யார் மேல கோவப்படறதுன்னும் தெரியல, ரூம்ல கொசுவத்தி வெக்க மறந்துட்டாங்கன்னு ஓட்டல்காரனைப் புடிச்சி அப்படிக் கத்தினேன், அவன் பேய் முழி முழிச்சான். வேற எதுக்கும் சத்தம் வர மாட்டேங்குது, கொசுவத்திக்கு மட்டும் வருது.

விசில். எல்லாரும் கைதட்டுறாங்க, தோள்லேர்ந்து கையெல்லாம் எறங்குது. நான் என் கோல் போஸ்ட்டைப் பாத்து ஓடறேன். ஓடும்போது ஷைனி உக்காந்திருக்கற பக்கம் பாக்கறேன், சுஜினோட பொண்டாட்டி, முன்வரிசையில, மடியில ஃபிரேம் போட்ட ஜெர்சி. இருபத்திமூணாம் நம்பர். கொஞ்ச நேரம் முன்னாடிதான் கிரவுண்டுக்குள்ள கூப்டு குடுத்தாங்க. அப்ப நடந்த கூத்து இருக்கே, இப்ப நெனச்சாலும் சிரிப்பு வருது. எங்க எல்லாருக்கும் வெள்ள டி-சர்ட் குடுத்து மாட்டிக்கச் சொன்னாங்க, சுஜின் மூஞ்சி பெருசா, அதுக்குக் கீழ கொட்ட எழுத்துல 'எங்கள் பையா'. பையா! நான் பாத்துட்டு, யாருய்யா இது பையான்னேன். கிளப்போட மீடியா பொண்ணு பாயல், பாம்பேக்காரி, கண்ணு கலங்க வந்து நிக்குது, "நீங்கல்லாம் அவரை அப்படித்தான கூப்டுவீங்க சார்"னு இங்கிலீஷ்ல கேக்குது. நான் டி-சர்ட்டை மாட்டிக்கினேன். ஷைனி ஃபிரேமை வாங்கிக்கினு வரிசையா எல்லார் கையும் குலுக்கிக்கினு வந்துச்சு, என் முன்னாடி வந்து நெஞ்சுல இருக்கறதைப் படிச்சிது, திரும்பப் படிச்சிது. "அண்ணே, இதென்ன பையா? இவரு எப்பம் பையா ஆனாரு?"ன்னுச்சு. "அது 'பைய'தாம்மா, கால் போட்டு பையா ஆக்கிட்டாங்க"ன்னேன். அவ்ளோதான், அந்தப் பொண்ணுக்குச் சிரிப்பு பொத்துக்கினு வந்துடுச்சு. "அய்யோ, இவரு இதைக் கண்டிருந்தா சிரிச்சே செத்திருப்பாரு"ன்னு சொல்லிட்டு, சொன்னது காதுல உழுந்ததும் கையால வாயை மூடிக்கினு என்னைப் பாத்துச்சு, நான் அதைப் பாத்தேன், ரெண்டு பேரும் குலுங்கினோம். தூரத்துலேர்ந்து பாத்தவங்க அழுவறோம்னு நெனச்சிருப்பாங்க. அதுவும்தான் இருந்துச்சு.

கிக் ஆஃப் ஆயிடுச்சு. பந்து அந்தப் பக்கம் கெடக்கு. கீப்பர் வேலையில இதான் கஷ்டம், பந்து இல்லாத நேரம்தான் ஜாஸ்தி, மண்டைக்குள்ள என்ன வேணா நுழையும். வெயிலு மேற்குக் கேலரி மேலேர்ந்து சாய்வா வந்து கண்ணுல குத்துது, தொப்பி போட்டுக்கலாமா, வாணாம், தண்ணி தெளிச்ச புல்லு வாசம் நல்லா இருக்கு. முட்டி வலிக்கல இன்னிக்கு. காலையில பொண்டாட்டி ஜெபமணி ஆப்பம் சுட்டுக் குடுத்தா, தேங்காப்பால் ஊத்தி, மேட்ச் அன்னிக்கு நாலுக்கு மேல துன்னாதன்னா, ஆறு துன்னேன். உடம்பு நல்லாத்தான் இருக்கு, வாய்தான். கோச்சு நேத்து கூப்டு உக்கார வச்சி பேசினாரு, ஸ்பெயின்காரரு, நல்ல மனுஷன், கத்த மாட்டாரு, அதனாலேயே பயமா இருக்கும். "அருமை, உன் கை நல்லா இருக்கு, கால் நல்லா இருக்கு, உன் குரல் எங்க? நாளைக்கும் நீ பேசலன்னா அடுத்த மேட்ச் இன்னொரு கீப்பர் நிப்பான்"னாரு. நாயமான பேச்சுதான். வீட்ல நான் வாயை மூட மாட்டேன்னு ஜெபமணி தலைல அடிச்சிக்குவா, கிரவுண்டுக்கு வந்தா வாய்ல கொழுக்கட்ட. ஆனா அவருக்கு முழுசாத் தெரியாது. பேச வரலன்னு இல்ல. வாயைத் தொறந்தா எது வரும்னு எனக்குத் தெரியும், அதான் பயம்.

போன மேட்ச்சு. சுஜின் இல்லாம ஆடின மொத மேட்ச்சு. ஒரு லாங் பால், எனக்கும் ஸுவாலாவுக்கும் நடுவுல உழுந்துச்சு. நான் வெளிய வந்துட்டேன், பந்து என்னுது, அவன் விட்டுட்டா போதும். கத்தினேன். என்ன கத்தினேன்? சுஜின்னு கத்தினேன். 'சுஜி, விடு'ன்னு. நாக்கு நாலு வருஷமா போன வழியிலேயே போயிடுச்சு. அது அவன் பேரு இல்லல்ல, அவன் எதுக்கு நிப்பான்? ரெண்டு பேரும் முட்டிக்கினு உழுந்தோம், பந்து அது பாட்டுக்கு உருண்டு உள்ள போச்சு, எவனும் தொடக் கூட இல்ல. எழுந்து பாத்தா ஸுவாலா உதடு கிழிஞ்சி ரத்தம், சட்டையில தொடச்சிக்கினு அவன் எடத்துக்குப் போயிட்டான். ஹர்ஜோத்துதான் மிட் ஃபீல்டுலேர்ந்து ஓடி வந்து என் தலையைத் தட்டிக் குடுத்துட்டுப் போனான், பஞ்சாபி, நல்ல பையன், நான் கத்தின பேரு அவன் காதுல மட்டும் உழுந்துச்சின்னு நெனைக்கிறேன். அதுக்கப்புறம் வாயைப் பூட்டிட்டேன். மீதி நேரம் முழுக்க கையைக் காட்டினேன், தலையை ஆட்டினேன், ஊமைப் படம் ஓட்டினேன். இன்னிக்கு அந்தப் பேரு வாய்லேர்ந்து வந்துச்சின்னா? ஷைனி முன்வரிசையில. அவன் மூஞ்சி போட்ட டி-சர்ட்டைப் போட்டுக்கினு நின்னுட்டு, அவன் பேரைச் சொல்லி அவனுக்கான மேட்ச்சுலயே கோல் வாங்கினா, நான் அந்தப் பொண்ணு மூஞ்சில எப்படி முழிப்பேன்? அவன் பேரைச் சொன்னா கோல் வுழும்னு ஆயிடுமே. அது ஆவக் கூடாது. ஏசப்பா, அது மட்டும் வாணாம், தோத்தா கூட வேற மாதிரி தோக்குறோம்.

பந்து வருது. லெஃப்ட்லேர்ந்து கிராஸ், உயரமா, என்னுது, எகிறிப் புடிச்சிட்டேன். கத்தாமலே கெடச்சிது. ஸுவாலா திரும்பிப் பாக்கறான், ஏதாவது சொல்லுவேன்னு பாக்கறான், நான் கட்டை வெரலைக் காட்டறேன். திரும்பிக்கினான். அவன் முதுகுல இருக்கற நம்பர் வேற, இருபத்திமூணைக் கிளப்புல இனி யாருக்கும் குடுக்க மாட்டாங்களாம், நல்லது. முதுகும் வேற. சுஜின் முதுகு அகலம், பாதி கிரவுண்டை மறைப்பான், தள்ளுறா அந்தாண்டன்னு கத்துவேன். இவன் ஒல்லி, ஓடினா காத்து மாதிரி ஓடறான், சும்மா சொல்லக் கூடாது, நல்ல ஸ்டாப்பர். இவன் மேல எனக்கு என்ன வஞ்சம்? ஒண்ணுமில்ல. வெளியூர்ல ரூம்ல சுஜின் படுத்த கட்டில்ல இவன் படுக்கறான். சுஜின் கொறட்ட உட்டான்னா செவுரு அதிரும், ரெண்டு காதுலயும் பஞ்சு வச்சிக்கினு படுப்பேன். இவன் மூச்சு உடற சத்தம் கூட வராது, பஞ்சே வாணாம், அதான் எனக்கு நடுராத்திரி வரைக்கும் தூக்கம் வரல. காலையில எழுந்ததும் எனக்கும் சேத்து டீ கலக்கி வெக்கறான், சக்கர கம்மியா, யாரு சொன்னாங்கன்னு தெரியல. நான் ஒரு தேங்ஸ் சொல்லியிருப்பேனா? சொல்லியிருக்க மாட்டேன். அவன் பேரைக் கூட ஒரு தடவ வாய் விட்டுக் கூப்டதில்ல. பேரைக் கூப்டா அந்த எடத்துல அவன்தான்னு ஆயிடும்ல.

சுஜினுக்கும் எனக்கும் மொத நாளே சண்ட. சண்டன்னா சாதாரண சண்ட இல்ல. அவன் வந்த புதுசுல கொல்கத்தால மேட்ச்சு, பேக் பாஸ் என் கால்ல கெடக்கு, நிதானமா அடிக்கலாம்னு நிக்கிறேன், இவன் அங்கேர்ந்து "பைய! பைய!"ன்னு கத்தறான். எங்க ஊர்ல 'பைய'ங்கற வார்த்தையே கெடையாது. நான் நெனச்சேன், பந்து பொறுக்கிப் போடற பையன் எவனோ உள்ள வந்துட்டான் போல, பையன், பையன்னு காட்டறான்னு. எந்தப் பையன்னு திரும்பிப் பாத்தேன் பாரு. திரும்பி இந்தப் பக்கம் பாத்தா கால்ல பந்து இல்ல, வலைக்குள்ள இருக்கு. டிரெஸ்ஸிங் ரூம்ல சட்டையைப் புடிச்சிட்டேன், "எந்தப் பையன்டா? காட்டுறா அந்தப் பையனை!" அவன் என்னை வுட ரெண்டு மடங்கு, ஆனா முழிக்கறான். "பையன் இல்ல, 'பைய' அண்ணே, மெதுவா. டைம் இருக்கு, பதறாதேன்னு சொன்னேன்." "மெதுவான்னா மெதுவான்னு சொல்ல வேண்டியதுதான?" "மெதுவான்னு சொல்லி முடிக்கதுக்குள்ள அவன் கோல் போட்டுருவான்லா?" எனக்குக் கோவத்துலயும் சிரிப்பு வந்துடுச்சு. பைய சொன்னதுலயும் கோல்தான போட்டான் அவன்? அன்னிக்கு நைட்டு பஸ்ல பக்கத்துல வந்து உக்காந்தான், "அண்ணே, நீ புடி, நான் பேசுறேன். நீ பேச வேண்டாம், பாத்தாப் போதும்"னான். அப்படித்தான் ஒப்பந்தம் ஆச்சு. வெளிய வந்தா அண்ணே அண்ணேன்னுவான், கிரவுண்டுக்குள்ள போனா "லேய் அருமை, கண்ணு தெரியலியா"ன்னுவான், விசில் ஊதினதும் திரும்ப அண்ணே. எனக்கு அதுல ஒரு வருத்தமும் இல்ல. அவன் பேசினான், நான் புடிச்சேன், நான் பேசினதெல்லாம் ரெண்டே வார்த்த, சுஜி, விடு. பந்து என்னுதுன்னா அதான் சொல்லுவேன், அவன் நின்னுடுவான், பின்னாடி வர்றவனைத் தன் முதுகால மறைச்சிக்குவான். எவ்ளோ சொகம் அது. இன்னொருத்தன் வாயை நம்பி நிக்கற சொகம்.

அந்தப் பைய அப்புறம் டீம் முழுக்கப் பரவிடுச்சு. பிரேசில்காரன் ஒருத்தன் இருந்தான், அவன் சோத்துத் தட்டைத் தூக்கிக்கினு போறப்ப கூட பைய பையன்னுவான். கோச்சு போர்டுல எழுதி வச்சிருக்காரு. ஹர்ஜோத்துக்கு மட்டும் கடைசி வரைக்கும் புரியல. சுஜின் 'பைய'ன்னு கத்தும்போதெல்லாம் பையான்னு அவன் காதுல உழும், இந்தியில பையான்னா அண்ணன், தன்னை அண்ணான்னு கூப்புடறான்னு நெனச்சி, 'ஹான் பாய், சொல்லு'ன்னு திரும்பி நிப்பான். மேட்ச் நடுவுல பந்தை வுட்டுட்டு ஒருத்தன் திரும்பி நின்னு, சொல்லு தம்பின்னா எப்படி இருக்கும்? அவனும் பதிலுக்கு சுஜினைப் பையான்னே கூப்ட ஆரம்பிச்சான். பாயல் போய் அவனாண்ட கேட்டிருக்கு, டீம்ல செல்லமா என்ன கூப்டுவீங்கன்னு, அவன் கண்ணைத் தொடச்சிக்கினு பையான்னு சொல்லிட்டான். டி-சர்ட் அடிச்சாச்சு, பேனர் அடிச்சாச்சு, அதோ வடக்குக் கேலரில பத்து பேரு புடிச்சிக்கினு நிக்கிறானுங்க, எங்கள் பையா, அவ்ளோ பெருசு. மொதல்ல எனக்கு நெருப்பு மாதிரி கோவம் வந்துச்சு, செத்தவன் பேச்சைக் கூட ஒழுங்கா எழுத மாட்டீங்களான்னு. இப்ப பாத்தா அதுவும் நல்லாத்தான் இருக்கு. மெதுவான்னு ஒருத்தன் சொன்னான், ஒருத்தன் பையன்னு கேட்டான், ஒருத்தன் அண்ணான்னு கேட்டான், கடைசில எல்லாருமா சேந்து அண்ணாவாக்கிட்டாங்க. தங்கச்சி தம்பி கெடயாது அவனுக்கு, ஒத்தப் புள்ள. அடிச்சது தப்பா இருந்தாலும் இருந்துட்டுப் போவட்டும்.

ஐயோ, ஷாட். போஸ்ட்டுக்கு வெளிய. உயிரே போச்சு. கண்ணுல வெளக்கெண்ண உட்டுக்கினு பாக்கணும், கத இல்ல இது. ரைட் சைடுல அந்தச் செம்பட்டத் தலைக்காரன் வேகமா இருக்கான், எர்ணாகுளம் ஃபார்வேர்டு, ஸுவாலாவுக்குப் பின்னாடியே சுத்தறான், அதை ஸுவாலாவுக்குச் சொல்லணும், உன் பின்னாடிடான்னு ஒரு வார்த்த. வாயைத் தொறக்கறேன், தொண்டைக்குள்ள அந்தப் பேரு ரெடியா உக்காந்துக்கினு இருக்கு, மூடிக்கிறேன். ஸ்கோர் போர்டைப் பாக்கறேன். இருபத்திரெண்டு ஓடுது. இருபத்திமூணாவது நிமிஷம் வந்தா அவன் நம்பருக்காக ஸ்டேடியம் மொத்தமும் எழுந்து கைதட்டணும்னு பேச்சு, ஆட்டம் நிக்காது, ஆடறவங்க முடிஞ்சா தட்டலாம், முடியாதவங்க ஆடலாம். மத்தவனுங்களுக்கு ஓட்டம் இருக்கு, கீப்பருக்கு என்ன, நான் தட்டுவேன், எனக்குத்தான் நேரம் இருக்கு.

ஆரம்பிச்சிடுச்சு. மொதல்ல வடக்குக் கேலரி, அப்புறம் சுத்தி சுத்தி எல்லாப் பக்கமும், எர்ணாகுளத்துலேர்ந்து வந்த மஞ்சச் சட்டைக்காரனுங்களும் எழுந்துட்டானுங்க. கைதட்டலோட வுடுவாங்களா நம்ம பசங்க, மேளத்தை எடுத்துட்டாங்க. அப்படிப் போடு! இதான் எங்க ஊரு மரியாத. சு-ஜி, சு-ஜி, அடிக்கு ஒரு எழுத்து. முதுகெல்லாம் சிலிர்த்துக்குது. நானும் தட்டறேன், சத்தமே வரல. கிளவுஸ் போட்ட கை ரெண்டையும் தட்டினா தலகாணியத் தட்டற மாதிரி தொப்பு தொப்புன்னுது. நாலு வருஷம் என் முன்னாடி நின்னவனுக்கு, ஊரே தட்டுது, என் கையிலேர்ந்து ஒரு சத்தம் வரக் கூடாதா? பந்து எங்க இருக்கு? அந்தப் பக்கம், எங்க கார்னர். ரொம்ப தூரம். வலது கையோட வெல்க்ரோவப் பிரிச்சேன், பல்லால இழுத்தேன், கழண்டுச்சு, கிளவுஸைக் கக்கத்துல வச்சிக்கினேன், அப்புறந்தான் புரிஞ்சிது ஒத்தக் கையால எதைத் தட்டறதுன்னு. அட மடையா. இடது கையையும் பிரிக்கப் போறேன், தலையைத் தூக்கிப் பாக்கறேன், கார்னரை அவனுங்க கீப்பர் புடிச்சிட்டான். புடிச்ச வேகத்துல ஓங்கி ஒதைக்கறான். எங்க ஆளுங்க முக்காவாசி அந்தப் பக்கம். பந்து வெயிலுக்குள்ள போய் காணாமப் போயி திரும்ப வருது, நேரா இங்க வருது, செம்பட்டத் தலை ஓட ஆரம்பிச்சிட்டான், ஸுவாலா மட்டும் அவன் பக்கத்துல, தோளோட தோளு, முதுகு பந்துக்கு, மூஞ்சி எனக்கு. கக்கத்துலேர்ந்து கிளவுஸ் உழுந்துடுச்சு. எடுக்க நேரமில்ல. நான் வெளிய ஓடறேன், பந்து ஒரு குத்து குத்தி எகிறுது, போன மேட்ச்சு அதே பந்து, அதே எடம், நாங்க ரெண்டு பேரு, அவன் கால் தூக்கறான், தூக்காதடா, தூக்காத, என்னுது, வாய் தொறந்துக்கிச்சு, நான் தொறக்கல, அதுவா தொறந்துக்கிச்சு, வந்துடுச்சு. "சுஜி, விடு!"

போச்சு. வந்துடுச்சுன்னு தெரிஞ்ச அந்தக் கண்ணிமைக்கற நேரத்துக்குள்ள போச்சுன்னு எனக்குத் தெரியும். ஆனா ஸுவாலா காலை எறக்கிட்டான். எறக்கி, செம்பட்டத் தலைக்கு முன்னாடி குறுக்க நின்னு முதுகை விரிச்சிட்டான், அவ்ளோ ஒல்லி முதுகு, அந்தத் தடியன் அதுல போய் மோதி நிக்கிறான், நான் பந்து மேல உழுந்துட்டேன். வெறுங்கைல பந்து அறைஞ்ச அறைல உள்ளங்கை எரியுது, எரியட்டும், பந்து நெஞ்சோட இருக்கு, புல்லு வாய்க்குள்ள போயிடுச்சு, மேல சுஜி சுஜின்னு ஊரே கத்துது. நான் கத்தினது யாருக்குமே கேட்டிருக்காது, எல்லாரும் அதையேதான் கத்தறாங்க. ஷைனிக்குக் கேட்டிருக்காது. அப்ப இவனுக்கு எப்படிக் கேட்டுச்சு?

ஸுவாலா போய் என் கிளவுஸைப் பொறுக்கி எடுத்துக்கினு வரான். தொடைல தட்டி மண்ணை ஒதறி நீட்டறான். நான் வாங்காம அவனையே பாக்கறேன். "நீ எப்படிடா நின்ன?"ன்னு தமிழ்லயே கேக்கறேன். அவன் சென்னைக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆவுது, அங்க இங்க பொறுக்கின தமிழு. "அண்ணா, சுஜி சொன்னாச்சு, நா வுட்டாச்சு"ன்னான், என்னமோ நான் அறிவு கெட்ட கேள்வி கேட்ட மாதிரி. "அது உன் பேரு இல்லியேடா"ன்னேன். அவன் தமிழ் வார்த்த தேடிக்கினே கிளவுஸை என் கையில அவனே மாட்டி விடறான், வெல்க்ரோவ ஒட்டறான். "ரூம்ல, தூக்கத்துல, நீ சுஜி கூப்புடுது. சத்தமா. நா எழுந்து உக்காருது. லைட் போடறது, பாக்கறது, நீ தூங்குது. அப்புறம் நாளைக்கும் அதே. இப்போ சுஜி கேட்டா நா எழுந்துக்கும்." சொல்லிட்டுக் கிழிஞ்ச உதடு காய்ஞ்ச எடத்துல கொஞ்சமா சிரிச்சான். "நீ எந்தப் பேரும் கூப்புடு அண்ணா. சும்மா இருக்காத. பின்னாடி சத்தம் இல்ல, பயம் இருக்கு."

பயம் இருக்கு. இவனுக்கு. நான் என் வாய்ல எது வரும்னு பயந்துக்கினு இருந்தேன், இவன் முதுகுக்குப் பின்னாடி ஒருத்தன் இருக்கானா செத்தானான்னு தெரியாம இவ்ளோ நேரம் நின்னுக்கினு இருந்திருக்கான், ரெண்டு மேட்ச்சா. சக்கர கம்மியா டீ போட்டுக் குடுத்துக்கினு. என் தூக்கத்துக்குக் காவல் இருந்துக்கினு. தூ, நானெல்லாம் ஒரு அண்ணன். ரெஃப்ரி சீக்கிரம் சீக்கிரம்னு கையை ஆட்டறாரு, கைதட்டல் அடங்கிடுச்சு, மேளம் மட்டும் வுடாம ஓடுது, பசங்க சுதி ஏறிட்டானுங்க, இனி நிக்காது. மனசு லேசா இருக்கு. கோச்சு லைனாண்ட நின்னு என்னைப் பாத்து வாயாண்ட வெரலைக் குவிச்சி விரிச்சிக் காட்டறாரு, பேசு, பேசுன்னு. பேசறேன் சார், இருங்க. நிமிர்ந்து நின்னேன், மூச்சை இழுத்தேன், இன்னிக்காவது அவன் பேரை அவனுக்குக் குடுத்துடணும்னு வயித்துலேர்ந்து கத்தினேன், அவன் வந்ததுலேர்ந்து மொத தடவயா. "ஸுவாலா!" நல்லாத்தான் வந்துச்சு பேரு, தெளிவா, கேலரில கூட கேட்டிருக்கும். அவன் பாட்டுக்கு நடந்து போறான். திரும்பல. இன்னொரு தடவ கத்தினேன், ஸுவாலா, டேய் ஸுவாலா, ஹர்ஜோத்து திரும்பிட்டான், லைன்ஸ்மேன் திரும்பிட்டாரு, இவன் திரும்பவே இல்ல, இந்த கோல் போஸ்ட்லேர்ந்து அந்தப் பேரு எங்க வரப் போவுதுன்னு காதைக் கழட்டி வச்சிட்டான் போல. அடப்பாவி. சிரிப்பு பொத்துக்கினு வருது, கூடவே மூக்கும் ஒழுவுது, கிளவுஸ்லயே தொடச்சிக்கினேன். "சுஜி!"ன்னேன். டக்குனு திரும்பிட்டான், என்ன அண்ணான்னு கையைத் தூக்கிக்கினு நிக்கிறான். "செம்பட்டத் தலை உன் பின்னாடி சுத்தறான், ரைட்ல போய் நில்லுடா"ன்னு கத்தினேன், போய் நின்னான்.